விண்டோஸில் தனி ஹீப்: திறப்பது, ஒதுக்குவது, தோல்விக் குறியீடுகளைச் சரியாகப் படிப்பது

விண்டோஸில் ஹீப்பை, அதாவது நிரல் ஓடும்போது நினைவகத்தைத் துண்டு துண்டாக ஒதுக்கித் தரும் பகுதியை, கையாளும் ஃபங்ஷன்கள் அதிகமில்லை. ஆனால் தோற்றதைச் சொல்லும் விதத்தில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஒன்று நல் (எதையும் சுட்டாத) பாயிண்டர் தரும், இன்னொன்று பூஜ்ஜியம் தரும், மற்றொன்று மைனஸ் 1 தரும், ஒன்றிரண்டு எக்ஸெப்ஷன் எழுப்பும். கடைசியாகப் பதிவான பிழை எண்ணைத் தரும் கெட்லாஸ்ட்எரர் இவற்றில் சிலவற்றுக்குத்தான் பதில் வைத்திருக்கும். மற்றவற்றுக்கு அது சொல்வது வேறெங்கோ நடந்த பழைய கதை. "தோற்றால் கெட்லாஸ்ட்எரரைப் பார்" என்று எல்லா இடத்திலும் ஒரே வரியை ஒட்டிவைத்த நிரல்களில், லாக் முழுக்கப் பிழை எண்கள் இருக்கும், பாதிக்கு மேல் சம்பந்தமே இல்லாதவை.

இந்த வழிகாட்டி சி அல்லது சி++ மொழியில் விண்டோஸ் ஏபிஐயை நேரடியாக அழைப்பவர்களுக்கு. ஒரு தனி ஹீப்பைத் திறந்து மூடுவது வரை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில்: தனி ஹீப் தேவையா?

ஒவ்வொரு பிராசஸுக்கும் (ஓடும் நிரலுக்கும்) விண்டோஸ் ஏற்கெனவே ஒரு ஹீப் தந்திருக்கிறது. கெட்பிராசஸ்ஹீப் அதன் ஹேண்டிலை, அதாவது அதைக் குறிக்கும் அடையாள மதிப்பை, தரும். விஷுவல் ஸ்டுடியோ 2015 முதல் வரும் சி ரன்டைமில் மாலாக் ஒதுக்குவதும் இதே ஹீப்பில்தான். சாதாரண வேலைக்கு அது போதும்.

தனி ஹீப் உண்மையில் உதவுவது மூன்று இடங்களில். ஒரு பாகம் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை ஒதுக்கி, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே அடியாகத் தூக்கிப்போட வேண்டும் என்றால், ஹீப்பையே அழிப்பது ஒவ்வொன்றாக விடுவிப்பதைவிட எளிது. ஒரு பாகத்தின் நினைவகப் பிழை மற்ற பாகங்களின் தரவைக் கெடுக்காமல் பிரித்துவைக்க வேண்டும் என்றாலும் உதவும். ஒரே த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) மட்டும் தொடும் ஹீப் என்றால், த்ரெட்கள் மோதாமல் காக்கும் பூட்டின் செலவை மிச்சம் பிடிக்கலாம். இந்த மூன்றாவது காரணத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அளந்து பார்த்து, பூட்டுதான் தாமதத்துக்குக் காரணம் என்று தெரிந்த பிறகே அதைத் தொடுவது நல்லது.

படி 1: மூன்று அளவுருக்களைத் தீர்மானியுங்கள்

ஹீப்பைத் திறக்கும் ஹீப்கிரியேட் மூன்று மதிப்புகளைக் கேட்கும்: ஃப்ளாக்குகள், தொடக்க அளவு, உச்ச அளவு.

ஃப்ளாக்குகளில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஹீப்_நோ_சீரியலைஸ் (மதிப்பு 1) உள்பூட்டை நீக்கும். இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் அந்த ஹீப்பைத் தொட்டால் அதன் உள்கட்டமைப்பு சிதைந்துவிடும். அதுவும் உடனே தெரியாது, பத்து நிமிடம் கழித்து வேறொரு ஒதுக்கீட்டில் வெடிக்கும். ஹீப்_ஜெனரேட்_எக்ஸெப்ஷன்ஸ் (மதிப்பு 4) ஒதுக்கீடு தோற்றால் நல் தருவதற்குப் பதில் எக்ஸெப்ஷன் எழுப்பச் சொல்லும். ஹீப்_கிரியேட்_எனேபிள்_எக்ஸிக்யூட் (மதிப்பு 262144) அந்த ஹீப்பிலிருந்து நிரல் கட்டளைகளை ஓட்ட அனுமதிக்கும். ஓடும்போதே இயந்திரக் கட்டளைகளை உருவாக்கும் மென்பொருள் எழுதாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம், பாதுகாப்பில் ஓட்டை விழும்.

தொடக்க அளவு என்பது திறக்கும்போதே உறுதிசெய்யப்படும் நினைவகம். அது பேஜ் (விண்டோஸ் நினைவகத்தைப் பிரிக்கும் அலகு) அளவின் மடங்காக மேல்நோக்கி முழுமையாக்கப்படும். எக்ஸ்86, எக்ஸ்64 கணினிகளில் பேஜ் 4,096 பைட். பூஜ்ஜியம் கொடுத்தால் ஒரு பேஜ் கிடைக்கும். பெரும்பாலும் அதுவே போதும்.

பலர் வழுக்கி விழுவது மூன்றாவது அளவுருவில். உச்ச அளவாகப் பூஜ்ஜியம் கொடுத்தால் ஹீப் தேவைக்கேற்ப வளரும். வேறு எந்த எண்ணைக் கொடுத்தாலும் அது நிலையான அளவுள்ள ஹீப் ஆகிவிடும், வளராது. தொடக்க அளவு இந்த எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இதுவரை எல்லாரும் ஊகிப்பதுதான். ஊகிக்க முடியாதது அடுத்தது: நிலையான ஹீப்பில் ஒரே துண்டாக ஒதுக்கக்கூடிய அளவுக்கும் வரம்பு உண்டு. 32 பிட் பிராசஸில் 512 கிலோபைட்டுக்குச் சற்றுக் குறைவு, 64 பிட்டில் 1,024 கிலோபைட்டுக்குச் சற்றுக் குறைவு. உச்ச அளவு 16 மெகாபைட், ஹீப் காலியாகக் கிடக்கிறது, 2 மெகாபைட் கேட்கிறீர்கள் என்றாலும் கிடைக்காது. "நினைவகம் இவ்வளவு இருக்கும்போது ஏன் நல் வருகிறது" என்ற கேள்விக்குப் பல நேரம் இதுதான் விடை. வளரும் ஹீப்பில் இந்தத் தொல்லை இல்லை. பெரிய துண்டு கேட்டால் விண்டோஸ் விர்ச்சுவல்அலாக் மூலம் தனியாக எடுத்துத் தந்துவிடும். பெரிய பஃபர்கள் தேவைப்படும் ஹீப்புக்கு உச்ச அளவைப் பூஜ்ஜியமாகவே விடுங்கள்.

நிலையான ஹீப்பில் இன்னொரு கணக்கும் உண்டு. ஹீப்பின் நிர்வாகத் தகவல்களும் அதே இடத்தில்தான் தங்கும். 64 கிலோபைட் கேட்டால் முழு 64 கிலோபைட்டும் உங்கள் தரவுக்குக் கிடைக்காது. அதோடு 64 பிட் பிராசஸில் ஒவ்வொரு துண்டும் 16 பைட் எல்லையிலும், 32 பிட்டில் 8 பைட் எல்லையிலும் அமரும் என்பதால், சிறு துண்டுகள் அதிகமாக இருந்தால் வீணாகும் இடமும் அதிகம்.

படி 2: திறந்ததும் ஹேண்டிலைச் சரிபாருங்கள்

ஹீப்கிரியேட் வெற்றி என்றால் ஹேண்டில், தோல்வி என்றால் நல். இங்கே கெட்லாஸ்ட்எரர் செல்லும். பெரும்பாலும் பார்க்கக்கூடிய எண்கள் 8 (போதிய நினைவகம் இல்லை), 87 (அளவுரு தவறு).

நல் வந்ததும் அடுத்த வரியிலேயே எண்ணை ஒரு மாறியில் எடுத்துவையுங்கள். இடையில் லாக் எழுதும் ஃபங்ஷனை அழைத்தால் அது கோப்பைத் திறக்கும், திறக்கையில் கடைசிப் பிழை எண்ணை மாற்றிவிடும். பிறகு நீங்கள் படிப்பது லாக் கோப்பின் நிலவரம்.

இன்னொன்று: ஹீப் ஹேண்டிலை கோப்பு ஹேண்டில் போல நினைத்து இன்வேலிட்_ஹேண்டில்_வேல்யூவுடன் ஒப்பிடக் கூடாது. அது மைனஸ் 1. ஹீப்கிரியேட் தருவது நல். தவறான ஒப்பீடு தோல்வியை வெற்றியாகக் காட்டிவிடும், அடுத்த ஒதுக்கீட்டில்தான் நிரல் விழும்.

திறக்கும் இடத்திலேயே இன்னொரு வேலையையும் முடித்துவிடலாம். ஹீப்செட்இன்ஃபர்மேஷனை நல் ஹேண்டிலோடும் ஹீப்எனேபிள்டெர்மினேஷன்ஆன்கரப்ஷன் என்ற வகையோடும் ஒருமுறை அழையுங்கள். அதன்பின் பிராசஸின் எந்த ஹீப்பிலாவது சிதைவு தென்பட்டால் விண்டோஸ் நிரலை அங்கேயே நிறுத்திவிடும். ஒருமுறை இயக்கினால் அணைக்க முடியாது. சிதைந்த ஹீப்போடு தொடர்ந்து ஓடித் தவறான தரவை டிஸ்கில் எழுதுவதைவிட நிற்பது மேல்.

படி 3: ஒதுக்குங்கள், ஆனால் முதலில் பாணியைத் தேர்ந்தெடுங்கள்

துண்டுகளை ஒதுக்கும் ஹீப்அலாக் தோல்வியைச் சொல்ல இரண்டு பாணிகள் உண்டு. ஒரு ஹீப்புக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள்.

நல் பாணி: எக்ஸெப்ஷன் ஃப்ளாக் இல்லாவிட்டால் தோல்விக்கு நல் வரும், அவ்வளவுதான். ஹீப்அலாக் தோற்றால் கடைசிப் பிழை எண்ணைப் பதிவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. எனவே இங்கே கெட்லாஸ்ட்எரரை அழைப்பது வீண் வேலை மட்டுமல்ல, தவறான தடயம். லாக்கில் எழுத வேண்டியது நீங்கள் கேட்ட அளவையும் எந்த ஹீப் என்பதையும்தான். அந்த இரண்டும் இருந்தால், நிலையான ஹீப்பின் துண்டு வரம்பில் மோதினீர்களா, உண்மையாகவே நினைவகம் தீர்ந்ததா என்று பிரித்துவிடலாம்.

எக்ஸெப்ஷன் பாணி: இரண்டு குறியீடுகள் வரலாம். ஸ்டேட்டஸ்_நோ_மெமரி, பதினாறடிமான எண்ணில் சி0000017. ஸ்டேட்டஸ்_ஆக்சஸ்_வயலேஷன், சி0000005. முதலாவதைப் பார்த்ததும் "நினைவகம் தீர்ந்தது" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஹீப் சிதைந்திருந்தாலும் இதே குறியீடு வரக்கூடும். இரண்டாவது சிதைவையோ தவறான அளவுருவையோ குறிக்கும். டாஸ்க் மேனேஜரில் ஏராளமான நினைவகம் மிச்சம் காட்டும்போது, கேட்ட அளவும் சிறியதாக இருக்கும்போது சி0000017 வந்தால் சந்தேகப்பட வேண்டியது ஹீப்பின் நலத்தை.

இந்த எக்ஸெப்ஷன்கள் சி++ மொழியின் த்ரோ வகையைச் சேர்ந்தவை அல்ல, விண்டோஸின் கட்டமைப்பு எக்ஸெப்ஷன்கள். வழக்கமான /ஈஹெச்எஸ்சி அமைப்பில் தொகுத்த நிரலில் கேட்ச் பகுதி இவற்றைப் பிடிக்காது. __ட்ரை, __எக்ஸெப்ட் வேண்டும். அதன் ஃபில்டரில் சி0000017 என்றால் மட்டும் கையாளச் சொல்லுங்கள், மற்றவற்றை மேலே தேட விட்டுவிடுங்கள். ஆக்சஸ் வயலேஷனையும் சேர்த்து விழுங்கிவிட்டால் சிதைந்த ஹீப்பின் மேலேயே நிரல் நடந்துகொண்டிருக்கும். டிஸ்ட்ரக்டர் உள்ள பொருள்கள் இருக்கும் ஃபங்ஷனில் __ட்ரை எழுதினால் கம்பைலர் சி2712 என்ற பிழையைத் தரும். ஒதுக்கும் வரியைத் தனிச் சிறு ஃபங்ஷனாகப் பிரித்துவிட்டால் தீரும். இத்தனை சிக்கலையும் பார்க்கும்போது, சி++ நிரலுக்கு நல் பாணிதான் எங்கள் பரிந்துரை.

எந்தப் பாணியானாலும், கேட்கும் அளவைக் கணக்கிடும் பெருக்கலை முதலில் காவல் போடுங்கள். 32 பிட்டில் 16 பைட் உறுப்பு 268435457 வேண்டும் என்றால் பெருக்கல் சுற்றிவந்து 16 ஆகிவிடும். ஹீப்அலாக் சந்தோஷமாக 16 பைட் தரும். எந்தப் பிழைக் குறியீடும் வராது, ஏனென்றால் அதைப் பொறுத்தவரை பிழையே இல்லை.

நினைவகம் பூஜ்ஜியமாக நிரப்பப்பட வேண்டும் என்றால் ஹீப்_ஜீரோ_மெமரி (மதிப்பு 8). கொடுக்காவிட்டால் பழைய பைட்டுகள் அப்படியே கிடக்கலாம்.

படி 4: அளவை மாற்றும்போது பழைய பாயிண்டரைக் கைவிடாதீர்கள்

ஹீப்ரீஅலாக் தோற்றாலும் பழைய துண்டு அழிவதில்லை, பாயிண்டரும் செல்லும். நல்ல செய்திதான். ஆனால் வழக்கமாக எழுதப்படும் இந்த வரியைப் பாருங்கள்:

பஃபர் = ஹீப்ரீஅலாக்(ஹீப், 0, பஃபர், புதியஅளவு);

தோற்றால் பஃபர் நல் ஆகிறது. பழைய துண்டு ஹீப்பில் உயிரோடு இருக்கிறது, அதன் முகவரி மட்டும் யாரிடமும் இல்லை. உள்ளே இருந்த தரவும் போயிற்று, நினைவகமும் கசிந்தது. சரியான முறை:

தற்காலிகம் = ஹீப்ரீஅலாக்(ஹீப், 0, பஃபர், புதியஅளவு);
தற்காலிகம் நல் இல்லை என்றால் மட்டும் பஃபர் = தற்காலிகம்;

இதுவும் கடைசிப் பிழை எண்ணைப் பதியாது. சி மொழியின் ரீஅலாக்கிலிருந்து இன்னொரு வேறுபாடு: பழைய பாயிண்டர் நல் என்றால் ரீஅலாக் புதிதாக ஒதுக்கும், ஹீப்ரீஅலாக் அப்படிச் செய்யாது. முதல் ஒதுக்கீட்டை ஹீப்அலாக்கில்தான் செய்ய வேண்டும்.

ஹீப்_ரீஅலாக்_இன்_பிளேஸ்_ஒன்லி (மதிப்பு 16) கொடுத்தால் துண்டு இடம் மாறாது, இருக்கும் இடத்திலேயே வளர வேண்டும். வளர முடியாவிட்டால் நல். அந்த நல்லுக்கு "நினைவகம் இல்லை" என்று பொருள் இல்லை, "பக்கத்தில் இடம் இல்லை" என்றுதான் பொருள். அதைப் பிழையாக எண்ணாமல், புதிய துண்டு எடுத்து நகலெடுக்கும் வழிக்குத் திருப்பிவிடுங்கள்.

படி 5: அளவு கேட்பது, விடுவிப்பது

ஹீப்சைஸ் தோல்வியைக் குறியற்ற எண்ணாக மாற்றப்பட்ட மைனஸ் 1 மூலம் சொல்லும். 64 பிட்டில் அது 18446744073709551615. "பூஜ்ஜியத்தைவிடச் சிறியதா" என்று சோதித்தால் ஒருபோதும் உண்மையாகாது. அதோடு 1 கூட்டினால் பூஜ்ஜியம் வரும், அந்தப் பூஜ்ஜியம் அடுத்த ஒதுக்கீட்டுக்குப் போகும். மாறியை மைனஸ் 1 உடன் நேராக ஒப்பிடுங்கள். கெட்லாஸ்ட்எரர் இங்கும் செல்லாது.

ஹீப்ஃப்ரீ வெற்றிக்குப் பூஜ்ஜியமல்லாத மதிப்பும் தோல்விக்குப் பூஜ்ஜியமும் தரும், கெட்லாஸ்ட்எரர் செல்லும். இருந்தாலும் தவறான பாயிண்டரைக் கொடுத்துவிட்டு நாகரிகமான பூஜ்ஜியத்தை எதிர்பார்க்காதீர்கள். இரண்டாம் முறை விடுவிப்பதும், வேறு ஹீப்பின் துண்டைக் கொடுப்பதும் நிரலையே நிறுத்திவிடக் கூடியவை. எந்த ஹீப் ஒதுக்கியதோ அதே ஹேண்டிலோடுதான் விடுவிக்க வேண்டும். டிஎல்எல் எல்லையைத் தாண்டும் துண்டுகளுக்கு, ஒதுக்கிய டிஎல்எல்லே விடுவிக்கும் ஃபங்ஷனையும் தர வேண்டும்.

படி 6: ஹீப்பின் நலத்தைச் சோதிப்பது

ஹீப்வேலிடேட் ஹீப் முழுவதையோ ஒரு துண்டையோ சரிபார்க்கும். பூஜ்ஜியம் என்றால் கெட்டுவிட்டது. ஏன் என்ற விவரம் கிடையாது, இதுவும் கடைசிப் பிழை எண்ணைப் பதியாத ரகம். முழு ஹீப்பையும் நடந்து பார்ப்பதால் மெதுவானது. சோதனைப் பதிப்பில், சந்தேகப்படும் பகுதிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று வைத்து, இடைவெளியைப் பாதி பாதியாகச் சுருக்கிக்கொண்டே போனால் கெடுத்த வரி அகப்படும்.

ஹீப்வாக் ஒவ்வொரு துண்டாகக் காட்டும். முதலில் ஹீப்லாக், பிறகு நடை, கடைசியில் ஹீப்அன்லாக். நடையைத் தொடங்கும் முன், ஹீப்வாக்குக்குக் கொடுக்கும் ஸ்ட்ரக்ட்டின் முகவரிப் புலத்தை நல் ஆக்குங்கள். பூஜ்ஜியம் வந்ததும் பிழை என்று பதறாதீர்கள். கெட்லாஸ்ட்எரர் 259 என்றால் பட்டியல் இயல்பாக முடிந்தது, வேறு எண் என்றால்தான் தோல்வி. பூட்டிய நிலையில் நிரல் இடையில் வெளியேறிவிட்டால் மற்ற த்ரெட்கள் அந்த ஹீப்புக்காகக் காத்தே கிடக்கும், எல்லா வெளியேறும் வழியிலும் ஹீப்அன்லாக் இருக்கிறதா என்று பாருங்கள். ஹீப்_நோ_சீரியலைஸ் கொடுத்துத் திறந்த ஹீப்பில் ஹீப்லாக்கை அழைக்கவே கூடாது.

காலித் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் ஹீப்காம்பாக்ட்டிலும் இதேபோன்ற இரட்டைப் பொருள் உண்டு. பூஜ்ஜியம் வந்து பிழை எண்ணும் பூஜ்ஜியம் என்றால், அது தோற்கவில்லை, ஹீப்பில் ஒரு துளி இடமும் இல்லை என்கிறது.

ஹீப்பைச் சரிபார்க்க சி ரன்டைமின் _ஹீப்செக் பயன்படுத்துவோருக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. அதன் குறியீடுகள் எல்லாமே எதிர்மறை எண்கள்: மைனஸ் 1 ஹீப் இன்னும் தொடங்கப்படவில்லை, மைனஸ் 2 எல்லாம் நலம், மைனஸ் 3 தொடக்கத் தகவல் கெட்டது, மைனஸ் 4 ஒரு கணு கெட்டது. எதிர்மறை என்றாலே பிழை என்று எழுதிய சோதனை, நலமான ஹீப்பையும் நோயாளி ஆக்கிவிடும். பெயரிட்ட மாறிலியோடு ஒப்பிடுவதே சரி.

படி 7: மூடுவது

ஹீப்டிஸ்ட்ராய் உள்ளே இருக்கும் எல்லாத் துண்டுகளையும் சேர்த்தே விடுவிக்கும், ஒவ்வொன்றுக்கும் ஹீப்ஃப்ரீ தேவையில்லை. பூஜ்ஜியம் வந்தால் கெட்லாஸ்ட்எரர். மூடும் முன் மூன்றைப் பாருங்கள். வேறு த்ரெட் எதுவும் அந்த ஹீப்பில் இல்லையா? உள்ளே சி++ பொருள்கள் இருந்தால் அவற்றின் டிஸ்ட்ரக்டர்களை நீங்களே ஓட்டிவிட்டீர்களா? அவை தானாக ஓடாது, அவை பிடித்திருந்த கோப்பு ஹேண்டில்கள் திறந்தே இருக்கும். மூடியபின் ஹேண்டில் மாறியை நல் ஆக்கினீர்களா? கெட்பிராசஸ்ஹீப் தந்த ஹேண்டிலை மட்டும் ஒருபோதும் இதற்குக் கொடுக்காதீர்கள்.

நிரல் மைனஸ் 1073740940 என்று சொல்லிவிட்டு நின்றால்

அந்த எண் சி0000374, ஸ்டேட்டஸ்_ஹீப்_கரப்ஷன். குறியுள்ள பதின்மமாகப் பார்க்கும்போது இப்படித் தெரிகிறது. மைனஸ் 1073741819 என்றால் சி0000005, மைனஸ் 1073741801 என்றால் சி0000017. தானியங்கிச் சோதனைகளின் லாக்கில் இந்த மூன்றையும் அடையாளம் காணத் தெரிந்தால் நேரம் மிச்சம்.

சி0000374 வந்த இடம் குற்றம் நடந்த இடம் அல்ல. எல்லை தாண்டி எழுதிய வரி எப்போதோ ஓடி முடிந்திருக்கும், ஹீப் அதைக் கண்டுகொண்டது இப்போதுதான். குற்றம் நடக்கும் கணத்திலேயே பிடிக்க ஜிஃபிளாக்ஸ் கருவியில் உங்கள் நிரலுக்கு முழுப் பேஜ் ஹீப்பை இயக்குங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு பேஜின் கடைசியில் வைக்கப்பட்டு, அடுத்த பேஜ் தொட முடியாதபடி மூடப்படும். எல்லை தாண்டிய எழுத்து அதே கட்டளையில் சி0000005 ஆக வெடிக்கும், டிபக்கரில் அந்த வரி கையும் களவுமாகக் கிடைக்கும். 16 பைட் எல்லைக்காகத் துண்டின் பின்னால் சில பைட் இடைவெளி விழும் என்பதால், ஓரிரு பைட் மட்டும் தாண்டியிருந்தால் உடனே பிடிபடாது, விடுவிக்கும்போதுதான் தெரியும். சிறிய துண்டு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு பேஜ், அதாவது 8 கிலோபைட் முகவரி இடம் செலவாகும், 32 பிட் நிரல்கள் இதிலேயே மூச்சுமுட்டும். இந்த அமைப்பு ரெஜிஸ்ட்ரியில் தங்கிவிடும், கணினியை மறுபடி இயக்கினாலும் போகாது. வேலை முடிந்ததும் அதே கருவியில் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் யாரோ ஒருவர் "நிரல் ஏன் இவ்வளவு மெதுவாகிவிட்டது" என்று தேடிக்கொண்டிருப்பார்.

தோல்வி வழிகளை வேண்டுமென்றே ஓட்டிப் பார்ப்பது

நல் வரும் கிளைகள் சோதனையில் ஓடுவதே இல்லை, நினைவகம் தீர்வது அபூர்வம். நிலையான ஹீப்பின் கட்டுப்பாடு இங்கே கைகொடுக்கும். சோதனைப் பதிப்பில் மட்டும் உச்ச அளவை 64 கிலோபைட்டாக வைத்துத் திறந்து, நிரலின் வழக்கமான வேலையைக் கொடுங்கள். சில நூறு ஒதுக்கீடுகளுக்குள் நல் வரத் தொடங்கும். ஒவ்வொரு நல்லுக்குப் பிறகும் மூன்றைச் சரிபாருங்கள்: அதுவரை ஒதுக்கிய துண்டுகள் விடுவிக்கப்பட்டனவா, ஹீப்ரீஅலாக் தோற்ற இடத்தில் பழைய தரவு கைவசம் இருக்கிறதா, லாக்கில் கேட்ட அளவு பதிவாகியிருக்கிறதா. பிறகு உச்ச அளவை 80, 96 என்று 16 கிலோபைட்டாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு அளவிலும் நிரல் வேறொரு வரியில் தடுக்கும், அந்த வரிகளின் தோல்விக் கிளைகள்தான் இதுவரை யாரும் ஓட்டிப் பார்க்காதவை.